புள்ளடி

பெட்டிகள் மூதூரிலிருந்து லோஞ்சில் வரும்.
அரக்கு முத்திரையில் உப்புப் பூத்திருக்கும்.
இறங்குதுறையில் பொலிஸ்காரன் டோர்ச் அடித்து
ஒன்று, இரண்டு என எண்ணும்வரை
கச்சேரியில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும்.

எழுபத்தேழில் எனக்கு இருபத்திரண்டு வயது.
முதற் கடமை: நிராகரிக்கப்பட்டவை மேசை.
"இஞ்ச நாங்க பிழைவிடேலாது,
விட்ட பிழையெல்லாம் இஞ்சதான் வரும்"
என்றான் பக்கத்துக் கதிரையில் றாசீக்.

இந்த மாவட்டத்தின் தேர்தல் வரலாறு
அச்சில் இருக்கிறது: கட்சி, சின்னம், வாக்கு, வீதம்.
அட்டவணையின் அடியில் ஒரு சிறிய எண் வரும்.
அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.
எழுதியவள் நான்.

அதற்கு முன்னர் மூதூருக்கு இரண்டு ஆசனம்,
ஆளுக்கு இரண்டு வாக்கு.
விரும்பினால் இரண்டையும் ஒருவருக்கே போடலாம்.
பழக்கம் விடாத யாரோ அந்த முறையும்
ஒரே கட்டத்துக்குள் இரண்டு புள்ளடி போட்டிருந்தார்,
ஈரமணலில் ஒரே கொக்கு இருமுறை மிதித்ததுபோல்.
ஏற்கலாமா கூடாதா என்று அரைமணி நேரம் வாதம்.
கடைசியில் ஒதுக்கச் சொன்னார்கள்.

அந்த வருடம்தான் கோடும் மாறியிருந்தது.
சேருவில என்று புதிதாய் ஒரு தொகுதி.
வயல்கள் அசையவில்லை, மாடுகளுக்கும் தெரியாது.
ஒரு தாளில் பென்சிலால் கேட்டிருந்தது:
நான் இப்ப எந்தத் தொகுதி?
பதில் எனக்குத் தெரியும்.
ஒதுக்கினேன்.

எண்பத்திரண்டில் ஆட்களே இல்லை,
விளக்கா குடமா என்பதுதான் கேள்வி.
ஒருவர் இரண்டையும் வெட்டிவிட்டுக்
குடத்துக்குள் விளக்கை வரைந்திருந்தார்.
தமிழ் வாத்தியாராகத்தான் இருக்கவேண்டும்.
றாசீக் சிரித்துச் சிரித்துப் புரையேறினான்.

பிறகு விருப்பு வாக்கு வந்தது.
மூன்று இலக்கம் போதும் என்று ஒலிபெருக்கி கத்தியும்
ஏழு பேருக்கும் புள்ளடி போட்டவர்கள் உண்டு,
எவரோடும் பகைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள்.

ஒருமுறை பாதை திறக்கவில்லை.
அப்பால் இருந்தவர்களுக்கென இப்பால் வைத்த பெட்டி
வெறுமையாய் வந்தது.
வெறும் பெட்டியையும் முகவர்கள் முன் திறந்து
கவிழ்த்துத் தட்டிக் காட்டவேண்டும், அது விதி.
ஓர் ஈசல் சிறகு விழுந்தது.
இன்னொருமுறை பாதை திறந்தது, சனம் வரவில்லை.
ஏன் என்பதற்குப் படிவத்தில் நிரல் கிடையாது.

சண்டை முடிந்து, கிண்ணியாப் பாலத்தால்
பெட்டிகள் பஸ்ஸில் வரத் தொடங்கிய காலம்.
வேட்பாளர் எல்லோருக்கும் கீழே
அடிமட்டம் வைத்ததுபோல் நேராய்
ஒருவர் இன்னொரு கட்டம் கீறியிருந்தார்.
அதற்குள் ஒரு பெயர்,
சின்னம் இருக்கவேண்டிய இடத்தில் வயது: 17.
எதிரே ஒரு புள்ளடி,
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.
அன்று றாசீக் எதுவும் சொல்லவில்லை.
சிங்கள மேலதிகாரி சுமணதிலக்க
என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.
மொழிபெயர்த்தேன்.
அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
பெயரை உங்களுக்குச் சொல்லமாட்டேன்.
வாக்கு இரகசியமானது.

செல்லுபடியானதை எவரும் வாசிப்பதில்லை.
ஐம்பது ஐம்பதாய்க் கட்டி ரப்பர் பட்டி போடுவார்கள்.
என் மேசைக்கு வந்தவற்றைத்தான்
ஒவ்வொன்றாய், வெளிச்சத்தில் பிடித்து,
நான்கு கட்சி முகவர்கள் எட்டிப்பார்க்க
வாசித்தோம்.
பின்னர் எல்லாவற்றையும் எரித்தார்கள்.

ஓய்வு பெறும்வரை எனக்குத் தபால் வாக்கு.
அதன்பின்தான் வரிசையில் நின்றேன்,
உவர்மலையில், பள்ளிக்கூட வாங்கில்களுக்கிடையில்.
அட்டைத் தடுப்புக்குள் நூலில் கட்டிய பென்சில்.
வெளியே யாரோ இருமினார்.
எழுத எவ்வளவோ இருந்தது.
முப்பத்தெட்டு வருடம் ஒதுக்கிய கை
கட்டத்தின் விளிம்பில் முட்டாமல்
ஒழுங்கான ஒரு புள்ளடி போட்டது.
மடித்தேன், போட்டேன்.
பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

விரல் மை போக மூன்று கிழமை எடுத்தது.
மீன் வெட்டும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.